என்னைக் கூப்பிட்டது யாரு

நோர்வூட்டிலிருந்து மேலே ஏறும் தோட்டப் பாதையில், கொழுந்து நிறுக்கும் மடுவத்தைத் தாண்டினால், பச்சைத் தகரம் போட்ட ஒரு நீளக் கட்டடம் வரும். அதில் பாதி பிள்ளைக்காம்பரா. மலைக்கு வேலைக்குப் போகிற பெண்கள் கைக்குழந்தைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். மறு பாதி முன்பள்ளி. அதற்கு டீச்சர் சுலக்ஷனா.

அவள் பிறந்து வளர்ந்ததும் அதே தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடொன்றில்தான். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு எல்லோரையும் போலக் கொழும்புக்குப் போனாள். ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்ற நிலையிலேயே வேலை. கால் வீங்கியதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள். மனசு விட்டு ஒரு வார்த்தை பேச ஆளில்லாமல் இருந்ததைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. தீபாவளிக்கு வந்தவள் திரும்பிப் போகவில்லை. அந்தச் சமயம் பார்த்து முன்பள்ளி டீச்சருக்குக் கலியாணமாகி ஊர் மாறிப் போக, ஆள் கிடைக்கும்வரை கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்ளம்மா என்றார்கள். அந்தக் கொஞ்ச நாள் வருஷக்கணக்காக நீண்டுவிட்டது. இடையில் சனிக்கிழமைகளில் ஹட்டனுக்குப் போய் வந்து டிப்ளோமாவும் முடித்தாள். டவுனில் த்ரீவீல் ஓட்டுகிற சுமனைக் கட்டிக்கொண்டாள்.

பிள்ளைகளுக்கு அவளிடம் பயம் கிடையாது. பெற்றோருக்கு அதுதான் அவளைப் பற்றி இருந்த ஒரே குறை. கொஞ்சம் அதட்டி வைங்க டீச்சர் என்று சொல்லாத தாய் இல்லை. அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டுவாள். அதட்டமாட்டாள்.

அந்த வருஷம் முதல் தவணைக்கு எடுத்துக்கொண்ட பொருள், ‘நான்’. பிள்ளை தன்னைத் தானே அறிந்துகொள்ள வேண்டும்: தன் பெயர், தன் உடம்பு, தன் வீட்டு மனிதர்கள், தனக்குப் பிடித்தது, தனக்குக் கோபம் வந்தால் என்ன செய்வது. ஹட்டனில் நடந்த பயிற்சியில் அதற்கான யோசனைகளை வரிசையாகச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். கைக்குழந்தையாக இருந்தபோது எடுத்த படத்தைக் கொண்டுவரச் சொல்லலாம். அப்பா அம்மாவோடு நிற்கிற படத்தை ஒட்டிக் குடும்ப மரம் செய்யலாம். பிறந்தநாள் கொண்டாடியதைப் பற்றிப் பேசச் சொல்லலாம்.

பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகு, பழைய கலண்டர்த் தாள்களைத் தரையில் விரித்து, அவற்றின் வெள்ளைப் பக்கத்தில் சுலக்ஷனா திட்டம் போட ஆரம்பித்தாள். ஒவ்வொரு யோசனையாக எழுதினாள். எழுதும்போதே அவள் வகுப்புப் பிள்ளைகளின் முகம் முன்னால் வந்து நின்றது. இரண்டு பிள்ளைகளின் தாய்மார் குவைத்தில். ஒருத்தியின் அப்பா போனவர் போனவர்தான், எங்கே என்று யாருக்கும் தெரியாது. ஒரு வீட்டில் மண்சரிவுக்குப் பிறகு ஒரு படமும் மிஞ்சவில்லை. படம் கொண்டு வா என்று சொன்னால் இவர்களெல்லாம் வெறுங்கையோடு வந்து மற்றவர்கள் முன்னால் நிற்க வேண்டும். தன்னை அறிந்துகொள்ள வந்த பிள்ளை, தன்னிடம் என்ன இல்லை என்பதைத்தான் முதலில் அறிந்துகொள்ளும்.

அதனால் படத்தை அடித்துவிட்டாள். எல்லாப் பிள்ளையிடமும் இருப்பது எது என்று யோசித்தாள். முகம் இருக்கிறது. கை இருக்கிறது. பெயர் இருக்கிறது. குரல் இருக்கிறது. இவற்றை வைத்தே முழுத் தவணையையும் ஓட்டிவிடலாம் என்று தோன்றியது. முகத்துக்குக் கண்ணாடி, கைக்குச் சாயம். பெயருக்கும் குரலுக்கும் ஒரு விளையாட்டு. பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு உட்கார வேண்டும். பின்னாலிருந்து ஒருவர் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டது யார் என்று பிள்ளை கண்டுபிடிக்க வேண்டும். என்னை என் பெயரால் அறிகிறார்கள், அவர்களை நான் குரலால் அறிகிறேன் என்பது பிள்ளைக்குப் புரிந்தால் போதும்.

திட்டம் போடும்போது அவளை அதிகமாக யோசிக்க வைத்தவள் தனுஷிகா. நாலு வயசு. தாய் பிரியந்தி மலையில் கொழுந்து எடுப்பவள். தகப்பன் நிரஞ்சன் கொழும்பில் ஒரு ஹோட்டலில் வேலை, மாதம் ஒருமுறை வருவான். தனுஷிகா பேசுவது குறைவு. பேசினாலும் கத்துவது போலத்தான் பேசுவாள், பாதி எழுத்து வாயிலேயே நின்றுவிடும். கூப்பிட்டால் வரமாட்டாள். எழும்பு என்றால் உட்கார்ந்திருப்பாள். மற்றப் பிள்ளைகள் பொம்மையைக் கேட்டால் கொடுக்கமாட்டாள், அவர்கள் பிடுங்கினால் கடித்துவிடுவாள். லயத்தில் அவளுக்கு அழுத்தக்காரி என்றே பெயர்.

பெற்றோர் கூட்டத்தில் கடிபட்ட பிள்ளையின் தகப்பன் எழுந்து, இந்தப் புள்ளைய ஸ்கூலுக்குப் போற வயசு வரைக்கும் வீட்டுலயே வச்சிக்கச் சொல்லுங்க என்று சொல்லியே விட்டார். இன்னும் சிலர் தலையசைத்தார்கள். பிரியந்தி கடைசி வாங்குப் பலகையில் குனிந்த தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தாள். இந்தத் தவணை முடியட்டும், அதற்குப் பிறகு பேசுவோம் என்று சுலக்ஷனா சமாளித்தாள். தவணைக்குள் என்ன மாறிவிடப் போகிறது என்று அவளுக்கே தெரியவில்லை. ஆனால் அனுப்பிவிட மனசு வரவில்லை.

கண்ணாடிக்கு மர்சூக் நானா உதவினார். டவுனில் தளபாடக் கடை வைத்திருப்பவர். கதவு உடைந்த அலுமாரியிலிருந்து ஆளுயரக் கண்ணாடியைக் கழற்றி, விளிம்புக்குப் பட்டி ஒட்டி, சுமனின் த்ரீவீலில் ஏற்றிவிட்டார். பிள்ளைகளின் உயரத்துக்குச் சுவரில் சாய்த்து இறுக்கிக் கட்டினார்கள்.

அந்த வாரம் வகுப்பே திருவிழா மாதிரி இருந்தது. லயத்து வீடுகளில் இருப்பது உள்ளங்கையளவு கண்ணாடி. தலையிலிருந்து கால்வரை தங்களை ஒரேயடியாகப் பார்த்ததில் பிள்ளைகளுக்குத் தலைகால் புரியவில்லை. ஒருவன் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒருத்தி நாக்கை நீட்டி அதன் நுனியைப் பிடிக்கப் பார்த்தாள். தனுஷிகாவும் வந்து நின்றாள். அவள் பின்னால் சுலக்ஷனா மண்டியிட்டு, கண்ணாடியில் அவள் முகத்தைப் பார்த்து, “இது யாரு? தனுஷிகாவா?” என்று கேட்டாள். பிள்ளை சட்டென்று சிரித்தாள். விரலால் கண்ணாடிக்குள் தன் மூக்கைத் தொட்டு, “தனு” என்றாள். கண் எது, காது எது, வயிறு எது என்று கேட்கக் கேட்க ஒன்று விடாமல் காட்டினாள்.

சுலக்ஷனாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கண்ணாடி பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது, அதனால்தான் பதில் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கும்போதெல்லாம் பிள்ளையின் பார்வை தன் வாயிலேயே இருந்ததை அவள் கவனித்தாள். ஆனால் அதற்கு ஓர் அர்த்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

அடுத்த வாரம் கூப்பிடும் விளையாட்டு. பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருவர் நடுவில் கண்ணை மூடிக்கொள்ள, சுலக்ஷனா விரலால் காட்டுகிற பிள்ளை மெதுவாகப் பின்னால் போய்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடும். மர்சூக் நானாவின் மகள் அம்னா குரலை மாற்றி எல்லோரையும் ஏமாற்றினாள். தனுஷிகாவின் முறை வந்தது. நடுவில் போய் உட்கார்ந்து, இரண்டு கையாலும் கண்ணை இறுகப் பொத்திக்கொண்டாள். ஆட்டம் அவளுக்குப் புரிந்திருந்தது. அம்னா போய்ப் பின்னால் நின்று, “தனுஷிகா” என்றாள்.

பிள்ளை அசையவில்லை.

அம்னா மறுபடி கூப்பிட்டாள். இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. தனுஷிகா கண்ணைப் பொத்தியபடியே உட்கார்ந்திருந்தாள். உதட்டோரத்தில் சிரிப்பு இருந்தது. யாராவது கூப்பிடுவார்கள் என்று ஆசையாகக் காத்திருக்கிற முகம் அது. அழுத்தக்காரி நடிக்கிறாள் என்று யாரோ சொல்ல மற்றவர்கள் சிரித்தார்கள். சுலக்ஷனா சிரிக்கவில்லை. எழுந்து போய்ப் பின்னால் நின்று, வழக்கமான குரலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். அசைவில்லை. பக்கத்திலிருந்த தகர டப்பாவை எடுத்துத் தரையில் ஓங்கித் தட்டினாள். பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினாள். திரும்பியவள் டீச்சரைக் கண்டதும், தான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக் கைதட்டினாள்.

சுலக்ஷனா டப்பாவைக் கீழே வைத்தாள். கூப்பிட்டால் வராதது, கத்திப் பேசுவது, கேட்ட பொம்மையைக் கொடுக்காதது, பாதியில் நின்றுபோகும் சொற்கள், கண்ணாடியில் டீச்சர் வாயையே பார்த்த பார்வை, எல்லாம் வேறு மாதிரித் தெரிந்தன. இது அழுத்தம் இல்லை. பிள்ளைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் பிள்ளையை அழைத்துப்போக பிரியந்தி வந்தபோது மழைத்தூறல். தலையில் மழைக்குப் போடும் படங்குத் துண்டோடு வாசலில் நின்றாள். சுலக்ஷனா அவளை உள்ளே உட்காரவைத்து, எவ்வளவு பக்குவமாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு பக்குவமாகச் சொன்னாள். பிரியந்தியின் முகம் கேட்கக் கேட்க இறுகியது.

“எம்புள்ள செவிடுன்னு சொல்றீங்களா டீச்சர்?”

“அப்படிச் சொல்லல பிரியந்தி. ஒருக்கா டொக்டர்கிட்ட காட்டுவோம்னுதான் சொல்றேன்.”

“டிவி பாட்டுக்கு ஆடுறா. லொறி வந்தா ஓடிப்போய்ப் பாக்குறா. அவங்கப்பாவும் லேட்டாத்தான் பேசுனாராம். புள்ளைய நிப்பாட்டணும்னா நேரா நிப்பாட்டிறுங்க. இப்படிப் பேரு கட்டி அனுப்பாதீங்க.”

பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, மழை விடும்வரைகூட நிற்காமல் போய்விட்டாள். அடுத்த நாள் தனுஷிகா வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

சுலக்ஷனா கைச்சாயம் கரைத்தாள், பிள்ளைகளின் கைகளைத் தாளில் பதித்தாள், ஒவ்வொன்றின் கீழும் பெயர் எழுதினாள். கை வேலை செய்ததே தவிர மனசு அங்கே இல்லை. அவசரப்பட்டுவிட்டோமா என்று சுமனிடம் கேட்டாள். சொல்லாமல் இருந்திருந்தால் நீ தூங்கியிருப்பியா என்று அவன் திருப்பிக் கேட்டான். தூங்கியிருக்கமாட்டாள். இப்போதும் தூக்கம் வரவில்லை. லயத்தில் போய்ப் பார்க்கலாம் என்றால், அக்கம்பக்கத்தார் காது நீட்டுவார்கள், பிரியந்திக்கு இன்னும் அவமானமாகப் போகும். காத்திருப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, பெயர் கொடுக்கும் பெரட்டுக்கு எல்லோரும் கூடி மலைக்கு ஏறிப் போன பிறகு, பிரியந்தி முன்பள்ளி வாசலில் வந்து நின்றாள். அன்று வேலைக்குப் போகவில்லை. தனுஷிகா சட்டையும் சப்பாத்துமாகப் பக்கத்தில் நின்றாள். பிரியந்தியின் கண் வீங்கியிருந்தது.

அவள் சொன்னதிலிருந்து சுலக்ஷனாவுக்கு விஷயம் விளங்கியது. கோபத்தோடு போனாலும் அந்தப் பேச்சு பிரியந்தியை விடவில்லை. வீட்டில் பிள்ளை அடுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது, சும்மா பார்ப்போம் என்று பின்னால் நின்று கூப்பிட்டிருக்கிறாள். பிறகு ரொட்டி வேணுமா என்று கேட்டிருக்கிறாள். பிறகு, பிள்ளைக்கு உயிரான இனிப்பு பிஸ்கட்டின் பெயரைச் சொல்லியிருக்கிறாள். பிள்ளை அடுப்புத் தீயையே பார்த்துக்கொண்டிருந்தது. முன்னால் வந்து முகத்தைக் காட்டி அதே பெயரைச் சொன்னதும் கையை நீட்டியது.

“இத்தன நாளா சொன்னா கேக்குறதில்லன்னு அடிச்சிருக்கேன் டீச்சர்” என்றாள் பிரியந்தி.

சுலக்ஷனா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். காது டொக்டர் எந்தக் கிழமை கிளினிக்குக்கு வருகிறார் என்பதை அவள் ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தாள். அதைச் சொன்னாள்.

கிளினிக் நாளில் முன்பள்ளியைப் பிள்ளைக்காம்பரா அக்கா பார்த்துக்கொள்ள, சுமன் மூவரையும் த்ரீவீலில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் விட்டான். தனுஷிகா ஓரத்தில் உட்கார்ந்து, போகிற பஸ்ஸுக்கெல்லாம் கையசைத்துக்கொண்டு வந்தாள். வாங்கில் காத்திருக்கும்போது சுலக்ஷனாவின் மனசு எங்கெங்கோ போய் வந்தது. நரம்பிலேயே கோளாறு என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது. இந்தப் பிள்ளைக்கு ஏற்ற பள்ளிக்கூடம் பக்கத்தில் எங்கேயும் கிடையாது. தூரத்தில் விட இந்தத் தாயால் முடியுமா. விளையாட்டாக ஆரம்பித்த ஒன்று ஒரு குடும்பத்தின் தலையில் இடியாக விழுந்துவிடுமோ என்று பயமாக இருந்தது.

டொக்டர் சிங்களவர். கொஞ்சம் தமிழ் புரியும் என்றாலும் பேச்சு சிங்களத்தில்தான். சுலக்ஷனா நடுவில் நின்று இரண்டு பக்கமும் சொன்னாள். அடிக்கடி சளி பிடிக்குமா? பிடிக்கும், மழைக்காலம் முழுக்க மூக்கொழுகும். வாயைத் திறந்துகொண்டு தூங்குவாளா? ஆமாம், குறட்டைகூட விடுவாள். டொக்டர் சிறிய விளக்கால் இரண்டு காதுக்குள்ளும் பார்த்தார். பக்கத்து அறையில் ஒரு நர்ஸ் மிஸ் காதில் ரப்பர் முனையை வைத்து ஏதோ மெஷினை ஓட்டினார். பிறகு தலையில் ஒரு கருவியை மாட்டி, சத்தம் கேட்கும்போது ஒரு கட்டையைப் பெட்டிக்குள் போடச் சொல்லிச் சைகை காட்டினார். தனுஷிகாவுக்கு அது நல்ல விளையாட்டாகப் போயிற்று. எல்லாம் முடிந்து மறுபடி டொக்டர் முன்னால் உட்கார்ந்தபோது பிரியந்தியின் விரல்கள் சுலக்ஷனாவின் சேலைத் தலைப்பைப் பற்றியிருந்தன.

டொக்டர் தாளைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், புன்னகைத்தார். பிறகு நிதானமாகச் சொன்னார். சுலக்ஷனா ஒரு நிமிஷம் மொழிபெயர்க்கவே மறந்துபோனாள்.

“என்ன டீச்சர், என்ன சொல்றாரு?”

“நரம்பு நல்லா இருக்காம் பிரியந்தி. சளி கட்டிக் கட்டி, காதுச் சவ்வுக்குப் பின்னால பசை மாதிரித் தண்ணி நிக்குதாம். அதனாலதான் சத்தம் உள்ள போகலையாம். கொஞ்ச நாள் பாத்து, தானா வத்தலன்னா, கண்டில சின்ன ஒபரேஷன் பண்ணி எடுத்துறலாமாம். புள்ளைக்குக் காது கேக்கும்.”

பிரியந்தி அப்படியே நாற்காலியில் சாய்ந்தாள். அழவும் செய்தாள், சிரிக்கவும் செய்தாள். டொக்டர் தண்ணீர்ப் போத்தலை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, இதை யார் கண்டுபிடித்தது என்று கேட்டார். பெயர் சொல்லிக் கூப்பிடும் விளையாட்டைப் பற்றிச் சுலக்ஷனா சொன்னாள். தங்கச்சியை அழைப்பதுபோல, நல்ல விளையாட்டு நங்கி, அதை எல்லாப் பிள்ளைக்கும் வருஷா வருஷம் வையுங்கள் என்றார் அவர்.

வெளியே வந்து மூவரும் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் கடையில் உட்கார்ந்து வடையும் தேத்தண்ணியும் சாப்பிட்டார்கள். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது சுலக்ஷனாவுக்கு அப்போதுதான் நினைவு வந்தது. பிரியந்தி நிரஞ்சனுக்குப் போன் போட்டு, சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் “நரம்பு நல்லா இருக்காம்” என்கிற இடத்தில் குரல் உயர்ந்தது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் கவலைப்படவில்லை.

டொக்டர் பொறுத்துப் பார்க்கச் சொன்ன அந்த இடைப்பட்ட மாதங்களைச் சும்மா விட சுலக்ஷனாவுக்கு மனசில்லை. கலண்டர்த் தாள்களை மறுபடி விரித்துத் திட்டத்தை மாற்றினாள். தனுஷிகாவைத் தன் முகம் தெரியும் இடத்தில் உட்கார வைத்தாள். சொல்வதைக் கையாலும் செய்து காட்டினாள். தனுவிடம் பேசும்போது முன்னால் வந்து, தோளைத் தொட்டு, பிறகு பேச வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தாள். பெரியவர்களுக்கு நூறு தடவை சொல்ல வேண்டியதைப் பிள்ளைகள் ஒரே நாளில் பிடித்துக்கொண்டார்கள். பொம்மை வேண்டுமென்றால் தோளைத் தொட்டு, முகத்துக்கு நேரே கையை நீட்டிக் கேட்டார்கள். தனுஷிகா யோசித்துவிட்டுக் கொடுத்தாள். கடிப்பது எப்போது நின்றது என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஒருநாள் யோசித்துப் பார்த்தபோது அது நின்று வெகுநாளாகியிருந்தது.

அடுத்த கூட்டத்தில், பிள்ளையை நிறுத்தச் சொன்ன தகப்பனே எழுந்து, விஷயம் தெரியாமப் பேசிட்டேன் தங்கச்சி என்று பிரியந்தியைப் பார்த்துச் சொன்னார். பரவாயில்லண்ணே, எனக்கே தெரியாமத்தானே இருந்துச்சு என்றாள் அவள். இந்தத் தடவை முன் வாங்கில் உட்கார்ந்திருந்தாள்.

தண்ணீர் தானாக வற்றவில்லை. கண்டிக்குப் போய், இரண்டு காதுச் சவ்விலும் கடுகளவு குழாய் வைத்து, மூக்குக்குப் பின்னால் வளர்ந்திருந்த சதையையும் எடுத்தார்கள். நிரஞ்சன் லீவு போட்டுக்கொண்டு வந்து கூடவே இருந்தான். அதே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

முன்பள்ளிக்குத் திரும்பி வந்த முதல் நாள் தனுஷிகா ஓரிடத்தில் உட்காரவில்லை. ஒவ்வொரு சத்தத்தின் பின்னாலும் போய்க்கொண்டிருந்தாள். கதவுக் கொண்டி, விளக்குமாறு, தகரத்தில் நடந்த காகம், சுவருக்கு அந்தப் பக்கம் அழுத கைக்குழந்தை, எதையும் விடவில்லை. பைப்பிலிருந்து வாளியில் சொட்டிய தண்ணீருக்கு முன்னால் குந்தியிருந்து வெகுநேரம் கேட்டாள். மத்தியானம் பிள்ளைகள் வழக்கம்போலக் கூச்சல் போட்டபோது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, “சத்தம் போடாதீங்க” என்று அதட்டினாள். முழு வாக்கியம், ஓர் எழுத்துத்தான் கொஞ்சம் மழுங்கியிருந்தது. வகுப்பே அடங்கிப்போனது. இத்தனை வருஷத்தில் அந்த வகுப்பை அதட்டிய முதல் ஆள் அவள்தான் என்று சொல்லிச் சுலக்ஷனா சிரித்தாள்.

போன வாரம் பிரியந்தி பிள்ளையை அழைத்துப்போக வந்தபோது முறைப்பாட்டோடு வந்தாள். இப்போது பிள்ளை வாயை மூடுவதே இல்லையாம். மலையிலிருந்து களைத்து வந்து உட்கார முடியவில்லை, அது என்ன, இது என்ன என்று ஒரே கேள்வி. டிவியைக் குறைக்கச் சொல்லி, லீவில் வந்த தகப்பனிடமே சண்டைக்குப் போகிறாளாம்.

“கொஞ்சம் அதட்டி வைங்க டீச்சர்” என்றாள் பிரியந்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

சுலக்ஷனா தலையாட்டினாள். தாயும் மகளும் மடுவத்துப் பாதையில் இறங்கிப் போனார்கள். மகள் ஏதோ கேட்டாள், தாய் சொன்னாள், மகள் அடுத்ததைக் கேட்டாள். திருப்பம் மறைக்கும்வரை பேச்சு கேட்டது. சுலக்ஷனா வகுப்பைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போய், இரண்டு வாய் சாப்பிட்டு, நல்ல வெளிச்சம் இருக்கும்போதே படுத்து நிம்மதியாக ஒரு தூக்கம் போட்டாள்.